தொழிற்கல்வியும் சித்திரக் கல்வியும்

சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2022ஆம் ஆண்டில் பொறியியல் மாணவர்களுக்கு இரண்டு புதிய பாடங்களைக் கட்டாயமாக்கியது. ஒன்றின் பெயர் ‘தமிழர் மரபு’. மற்றொன்று ‘தமிழரும் தொழில்நுட்பமும்’. பாறை ஓவியம், நடுகல், ஐம்பொன் சிலை, தேர் செய்யும் கலை, கிராமத்து எல்லையில் நிற்கும் சுடுமண் சிலைகள், நெசவு, பானை வனைதல், மாமல்லபுரத்துச் சிற்பங்கள், செட்டிநாட்டு வீடுகள் ஆகியவை அப்பாடங்களில் இடம்பெற்றுள்ளன. மோட்டாரும் மின்சாரமும் கம்ப்யூட்டரும் படிக்க வந்த பிள்ளைகள், இந்த நாட்டு உழைப்பாளிகள் கையால் செய்த பொருள்களைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும் என்பது இந்த ஏற்பாடு. இதை நாம் வரவேற்கிறோம்.

வரவேற்றுவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. ஒரு பாடத்துக்கு மொத்தம் பதினைந்து மணி நேரம். அதில் மூன்று மணி நேரத்துக்குள் பாறை ஓவியத்தில் ஆரம்பித்து நவீனச் சிற்பம் வரை வந்து முடித்தாக வேண்டும்! செய்முறைக்கென்று ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. மாணவன் கேட்கிறான், குறிப்பெடுக்கிறான், பரீட்சையில் எழுதுகிறான். பென்சில் பிடித்து ஒரு பானையின் வளைவை வரைந்து பார்க்கவோ, களிமண்ணைத் தொட்டுப் பார்க்கவோ பாடத்திட்டத்தில் இடமில்லை. முன்னோர் பெருமையைக் கேட்டுப் பூரித்துவிட்டு, மறுநாள் லேத்தின் முன்னால் பழையபடி நிற்பதற்கு இந்தப் பாடம் பயன்பட்டால், அதனால் பாட்டாளியின் பிள்ளைக்கு என்ன லாபம்?

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர் படிக்கும் பையனுக்கு டிராயிங் சொல்லிக் கொடுக்கிறார்களே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். முன் தோற்றம், மேல் தோற்றம், பக்கத் தோற்றம் என்று கோடு போடவும், போட்ட கோட்டைப் படித்து அதே அளவுக்கு இரும்பை ராவவும் கற்பிக்கிறார்கள். அது அவசியமான வித்தை. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கோட்டை முதலில் போட்டவர் யார், ஏன் அப்படிப் போட்டார், வேறு விதமாகப் போட்டிருந்தால் அந்தக் கருவியைப் பிடித்து வேலை செய்பவரின் முதுகு தப்பியிருக்குமா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. தாள் மேலேயிருந்து வருகிறது. வேலை கீழே நடக்கிறது. மில்லிலும் கடைத்தெருவிலும் நாம் எல்லோரும் ‘டிசைன்’ என்று சொல்கிறோமே, அந்தப் படிப்பு மட்டும் தனியாகப் பிரிக்கப்பட்டு, தொலைதூர நகரங்களில், கூலிக்காரன் வீட்டுக்கு எட்டாத கட்டணத்தில் நடக்கிறது.

நமது பத்திரிகையைப் படிக்கும் விவசாயத் தொழிலாளர்கள், “கருவியின் வடிவம் பெரியவர்கள் விவகாரம், நமக்கென்ன?” என்று கேட்கக்கூடும். அவர்களுக்குக் கலிபோர்னியாவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல விரும்புகிறோம். அங்கே லெட்டூஸ் கீரைத் தோட்டங்களிலும் பீட் வயல்களிலும், ஒரு முழத்துக்குச் சற்று அதிகமோ குறைவோ உள்ள குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தைக் கொடுத்துத்தான் வேலை வாங்கினார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த ஏழைகள். காலை முதல் மாலை வரை இடுப்பு மடிந்தே கிடக்க வேண்டும். குட்டைப் பிடியானால்தான் பயிர் சேதமாகாமல் களை எடுக்க முடியும் என்று பண்ணை முதலாளிகள் வாதாடினார்கள். உண்மைக் காரணம் இன்னொன்றும் உண்டு: எல்லோரும் குனிந்திருக்கும் வயலில் யாராவது நிமிர்ந்தால் மேஸ்திரிக்கு உடனே தெரிந்துவிடும்! முதுகெலும்பு கெட்ட தொழிலாளர்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள், வழக்கும் தொடுத்தார்கள். 1975ல் அந்த மாகாணத்தில் குட்டைப்பிடிக் களைக்கொத்து தடை செய்யப்பட்டது. நீளப்பிடி வந்த பிறகு பயிர் ஒன்றும் அழிந்துவிடவில்லை.

ஒரு மரப்பிடியின் நீளம்! அதற்குள் கூலி இருக்கிறது, கண்காணிப்பு இருக்கிறது, வைத்தியச் செலவு இருக்கிறது. பாகூர்ப் பக்கத்து நெல் வயலில் களையெடுக்கும் பெண்களும், மல்லாட்டைக் கொல்லையில் கொத்திக்கொண்டே நகரும் பெண்களும் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். ஆணின் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்துச் செய்த களை எந்திரத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, “இவர்களுக்குத் தள்ளத் தெரியவில்லை” என்று சொல்வதில் என்ன நியாயம்? போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் நமது நாட்டுப் பெண்களின் உடல் அளவுகளை எடுத்து, அதற்கேற்பக் கருவிகளை வடிவமைத்திருக்கிறது. ஆக, செய்ய முடியாத காரியம் அல்ல. புதுவையின் தொழிற்பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் தங்கள் தாய்மார்களின் கையளவை எடுத்து ஒரு பிடியைத் திருத்தி வரைந்தால், அதைவிட நல்ல டிராயிங் பரீட்சை எது?

மில் தோழர்களுக்கு இன்னொரு உதாரணம். தறியின் நாடாவில் புதுத் தார் போட்டதும் நூலை அதன் கண் வழியாக வெளியே எடுக்க வேண்டும். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் பல தலைமுறையாக நெசவாளிகள் அந்தக் கண்ணில் வாயை வைத்து உறிஞ்சித்தான் நூலை எடுத்தார்கள். ஒருவர் வாய் பட்ட நாடாவில் மற்றொருவர் வாய் படும். பஞ்சுத் தூசும் கூடவே நெஞ்சுக்குள் போகும். பல் கெட்டது, நோய் பரவியது. வாய் வைக்காமலே நூல் கோர்க்கக்கூடிய நாடாவை எப்போதோ கண்டுபிடித்திருந்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உறிஞ்சும் நாடாவை 1911லேயே சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஆனால் தொழிற்புரட்சிக்குத் தாயகம் என்று பெருமை பேசும் இங்கிலாந்தில் தடை வந்தது 1952ல்தான். பழைய நாடா இருக்கும்போது புதியதற்கு எதற்குச் செலவு என்பதே முதலாளியின் கணக்கு. நாடாவின் கண் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் அதில் ஒருநாளும் வாய் வைக்கவில்லை.

இனி நமது ஊருக்கு வருவோம். புதுவைக்கு வடிவமும் நிறமும் புதிய சரக்கல்ல. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கே நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணி ‘கினி’ என்ற பெயரில் கப்பலேறி, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகால் ஆற்றுக் கரைக்குப் போனது. அங்கே அந்தத் துணியைக் கொடுத்துக் கருவேலம் பிசின் வாங்கினார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவின் துணி அச்சிடும் ஆலைகளுக்குப் போனது. ஐரோப்பிய ஆலைகள் புதுவைத் துணியைப் போலவே போலி செய்து அனுப்பின. பாலைவனத்து மூர் மக்கள் மினுமினுப்பைப் பார்த்து, கையால் தடவி, முகர்ந்தும் பார்த்து, “இது புதுவைத் துணி அல்ல” என்று தள்ளிவிட்டார்களாம். நமது சாயக்காரர்கள் பரீட்சை எழுதியவர்களல்ல. ஆயினும் அவர்கள் கண்ணும் மூக்கும் கண்ட தரத்தை ரூவான் நகரத்து முதலாளியின் இயந்திரம் எட்டிப் பிடிக்கவில்லை. லாபம் பிரெஞ்சு வர்த்தகனுக்குப் போயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பின்னர் மில்கள் வந்தன. 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் மடிந்த 12 தோழர்களை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். எட்டு மணி நேர வேலை 1937ல் இங்கே வந்தது அந்த ரத்தத்தின் விலையாகத்தான். அதே 1930களின் பிற்பாதியில் இதே நகரத்தில் வேறொரு கட்டிட வேலையும் நடந்துகொண்டிருந்தது. அரவிந்தர் ஆசிரமத்துக்காக ‘கோல்கொண்ட்’ என்ற விடுதியை, செக் நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டிடக் கலைஞரும் அவருடைய சகாக்களும் கட்டினார்கள். நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் கிடைத்த பணம். அதன் நெடுஞ்சுவர்கள் முழுவதும் திறந்து மூடக்கூடிய சாய்வுத் தகடுகளே. வெயில் உள்ளே வராது, காற்று வரும். மின்விசிறி இல்லாமலே அறை குளிர்ந்திருக்கும். இன்றைக்கும் பல தேசத்துக் கட்டிடக்கலை மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். நல்ல கட்டிடம்தான்; நமக்கு அதன்மேல் பகையில்லை. அதைக் கட்ட மண் சுமந்தவர்களிலும் கம்பி கட்டியவர்களிலும் நமது ஊர்க்காரர்கள் உண்டு. நாம் கேட்பது ஒன்றுதான். புதுவை வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் வித்தை இந்த ஊரிலேயே தெரிந்திருந்ததே, அது ஏன் மில் ஷெட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை? பஞ்சாலையில் காற்றின் ஈரப்பதத்தைக் கூட்டி வைப்பது நூல் அறாமலிருக்க. சுவாசிக்கும் மனிதனின் நெஞ்சு அந்தக் கணக்கில் வருவதில்லை. தியானம் செய்பவருக்கு ஒரு வடிவம், தறி ஓட்டுபவருக்கு ஒரு வடிவம். பொறியியல் மாணவர்களை இந்த இரண்டு இடங்களுக்கும் அழைத்துப் போய், பார்த்ததை வரையச் சொல்லுங்கள்! மூன்று மணி நேரப் பிரசங்கத்தில் விளங்காதது அன்று மாலைக்குள் விளங்கிவிடும்.

கலைப் பள்ளியும் தொழிற்பள்ளியும் வெவ்வேறு உலகம் என்பது ஆதியிலிருந்து வந்த ஏற்பாடும் அல்ல. சென்னையில் 1850ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஆரம்பித்த ஓவியப் பள்ளி, கைத்தொழிலையும் சேர்த்தே கற்பித்தது. 1898ல் அந்தப் பள்ளியிலேதான், பொறியியற் கல்லூரிப் பேராசிரியரான ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையை வைத்தார். இன்று நமது வீடுகளில் கஞ்சி கொதிக்கும் அலுமினியப் பானையின் கதையில் ஓவியப் பள்ளிக்கும் ஒரு பங்கு உண்டு. வெள்ளைக்கார சர்க்காரின் நோக்கம் நமது நன்மையல்ல என்பது வேறு விஷயம்.

அந்தப் பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான், 1959ல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை. நான்கு பேர் பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். முகத்தைவிட முதுகும் காலும் முதலில் கண்ணில் படுகின்றன. பார்க்கக் கற்றுக்கொடுப்பது என்று நாம் சொல்வது இதைத்தான். அந்தச் சிலையைப் பார்த்து, “பாரம் எந்தக் காலில் இறங்குகிறது?” என்று ஒரு மெக்கானிக்கல் மாணவன் கேட்கட்டும். “கல்லும் மண்ணும் சுமக்கும் பெண்கள் ஏன் இதில் இல்லை?” என்று ஒரு மாணவி கேட்கட்டும். இரண்டுமே நல்ல கேள்விகள்.

சோவியத் புரட்சிக்குப் பின், உள்நாட்டு யுத்தம் முடியாத, ரொட்டிக்கே தட்டுப்பாடான 1920ல், லெனின் கையெழுத்திட்ட உத்தரவின் பேரில் மாஸ்கோவில் ‘வ்ஹுதேமாஸ்’ என்ற உயர்நிலைக் கலைத் தொழிற்கூடம் அமைந்தது. ஓவியம், சிற்பம், கட்டிடம் ஆகியவற்றோடு நெசவு, மண்பாண்டம், அச்சு, மரவேலை, உலோகவேலை எல்லாம் ஒரே கூரையின் கீழ். எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் நிறம், வடிவம், இடம் பற்றிய ஆரம்பப் பாடம் எல்லோருக்கும் பொது. அங்கே ஆசிரியர்களாக இருந்த பாப்போவா, ஸ்தெப்பானோவா என்ற இரு பெண் ஓவியர்கள், 1923 வாக்கில் மாஸ்கோவின் துணி அச்சிடும் ஆலைக்கே வேலைக்குப் போனார்கள். பூவும் கொடியும் போட்ட பழைய டிசைனுக்குப் பதிலாக வட்டமும் கோடும் கொண்ட புது டிசைன்களைப் போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. சாய ஆய்வுக்கூடத்திலும் உற்பத்தி பற்றிய ஆலோசனைகளிலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்று ஆலை நிர்வாகத்திடம் கோரினார்கள். படம் மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும் ஆட்கள் நாங்கள் அல்ல என்பது அவர்கள் நிலை. அந்தக் கூடம் 1930ல் மூடப்பட்டுவிட்டது. பின்னாளில் சோவியத் நாட்டிலேயே அந்த வழி கைவிடப்பட்டது வருந்தத்தக்கதே. ஜெர்மனியில் அதே நோக்கத்தோடு 1919ல் தோன்றிய ‘பௌஹௌஸ்’ பள்ளியை 1933ல் நாஜிகள் நெருக்கி மூட வைத்தார்கள். பாசிஸ்டுகளுக்கு மேஜை நாற்காலிப் பள்ளியின்மேல் என்ன கோபம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

நமது நாட்டு சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1958ல் அமெரிக்கத் தம்பதிகளான சார்லஸ், ரே ஈம்ஸ் ஆகியோரை வரவழைத்து அறிக்கை வாங்கினார்கள். இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களில் தண்ணீர்ச் சொம்பை வெகுவாகப் புகழ்ந்து அவர்கள் எழுதினார்கள். 1961ல் ஆமதாபாத்தில் தேசிய டிசைன் நிலையம் வந்தது. சொம்பை அடித்து உருவாக்கிய கன்னாரின் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வாசலை மிதித்திருப்பார்கள்? ஒரு பக்கம் சாதி, தொழிலறிவைத் தகப்பனிடமிருந்து மகனுக்கென்று பூட்டி வைத்தது. மறுபக்கம் கட்டணமும் ஆங்கிலமும் வேறொரு பூட்டைப் போட்டன.

“சோற்றுக்கே வழியில்லாத இடத்தில் சித்திரம் எதற்கு?” என்று நமது தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு கேட்கும் கேள்விதான். ஆனால் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளைப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளியும் நமது பையனும் பக்கத்துப் பக்கத்து எந்திரத்தில் நிற்கிறார்கள். அபாய அறிவிப்பு ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இருவருக்குமே அது சுவரில் ஒட்டிய காகிதம். எழுத்தே தெரியாதவரும் கண்டவுடன் கையை இழுத்துக்கொள்ளும்படி ஒரு படத்தை வரைவது சோற்றுக்கும் விரலுக்கும் சம்பந்தப்பட்ட காரியமல்லவா? கைப்பேசியில் வரும் கடன் செயலிகள் இன்னொரு உதாரணம். ‘சரி’ என்ற பொத்தான் கட்டை விரல் அளவுக்கு. வட்டி விவரம் எறும்பு அளவுக்கு! அதுவும் ஒருவர் யோசித்து வரைந்த சித்திரம்தான். தெரு முனையில் நிற்கும் ஃபிளக்ஸ் பேனரில் யார் முகம் பெரிது, யார் காலடியில் யார் என்று நமது ஜனங்கள் சரியாகப் படிக்கிறார்கள். செயலியையும் விளம்பரத்தையும் அதே போலப் படிக்கப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேண்டும். சினிமா பேனர் எழுதிய ஓவியர்களின் வேலையை அச்சு எந்திரம் பறித்தது. இன்று கம்ப்யூட்டரே படம் வரைகிறது, இனி மனிதன் வரையக் கற்பானேன் என்கிறார்கள். கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடுபவன் முதலாளியாகவே இருக்கட்டும் என்பதற்கு இது வேறு வார்த்தை.

கடைசியாக, மூடிய மில்களைப் பற்றி. 1898ல் தோன்றிய ரோடியர் மில் என்னும் ஏ.எஃப்.டி. 2011 டிசம்பரில் தானே புயலில் அடிபட்டு, 2020ல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களின் கதியும் அதுவே. நஷ்டம் என்றார்கள். நஷ்டக் கணக்கைப் பார்த்தவர்கள் தறி ஓட்டியவர்களிடம், “இந்த இயந்திரத்திலும் இந்தக் கைகளிலும் வேறு என்ன செய்யலாம்?” என்று கேட்பது இந்த நாட்டில் வழக்கமில்லை. இங்கிலாந்தில் லூகாஸ் விமானச் சாமான் கம்பெனி ஆட்குறைப்பில் இறங்கியபோது, அங்குள்ள தொழிற்சங்கப் பிரதிநிதிகள் 1976ல் தாங்களே ஒரு திட்டம் வெளியிட்டார்கள். சிறுநீரக நோயாளிக்கான இயந்திரம், வீட்டைச் சூடாக்கும் சிக்கனக் கருவி, ரோட்டிலும் தண்டவாளத்திலும் ஓடும் பஸ் என்று சமூகத்துக்குத் தேவையான சுமார் 150 பொருள்கள் அதில் இருந்தன. நிர்வாகம் ஏற்க மறுத்தது. அது வேறு கதை. ஆனால் ‘மூடாதே’ என்ற கோஷத்தோடு கூட ‘இதைச் செய்’ என்று வரைந்து காட்டத் தெரிந்த தொழிலாளர்களை எதிர்கொள்ள எந்த நிர்வாகத்துக்கும் தடுமாற்றம்தான். அந்தத் திறமையை நமது பிள்ளைகளுக்கு எங்கே கொடுக்கப் போகிறோம்?

கொடுப்பதற்கு வேண்டியதெல்லாம் புதுவையிலேயே இருக்கிறது. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம். அங்கே ஓவியமும் சிற்பமும் கற்பிக்கிறார்கள். லாஸ்பேட்டையில் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக். பிள்ளைச்சாவடியில், 1984ல் கல்லூரியாக ஆரம்பித்து 2020ல் பல்கலைக்கழகமாக உயர்ந்த புதுவைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். வில்லியனூர்ப் பகுதியில் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற கைகள் இருக்கின்றன. அவர்களில் ஒருவரான வி.கே.முனுசாமிக்கு 2020ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஓவிய ஆசிரியர் வாரத்தில் ஒரு நாள் பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் வந்து பாடம் நடத்தவும், குயவரும் ஓய்வு பெற்ற மில் தொழிலாளியும் சம்பளம் பெறும் ஆசிரியர்களாக அங்கே நிற்கவும் சர்க்கார் உத்தரவிட வேண்டும். பாடம் தமிழில் நடக்க வேண்டும். செய்முறை பாதிக்குக் குறையக்கூடாது. வண்ணமும் தாளும் களிமண்ணும் இலவசமாக வேண்டும். கலர் சீட்டுகளைச் சுவரில் ஒட்டி அதையே டிசைன் வகுப்பென்று இரண்டு நாள் கூத்து நடத்திச் சான்றிதழ் கொடுக்கும் கம்பெனிகளிடம் இதை ஒப்படைக்கக்கூடாது.

இக்கோரிக்கையைப் புதுவைக் கல்வித்துறைக்கு மனுவாகக் கொடுப்பதற்குமுன் மாணவர் சங்கமும் தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தங்கள் கிளைகளில் விவாதிக்க வேண்டுகிறோம். அதற்கு உதவியாக வாசகத் தோழர்கள் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் வேலையில் உடம்புக்கு ஒவ்வாத கருவி எது, அதன் பிடி எத்தனை சாண், எந்த இடத்தில் வலிக்கிறது என்று ஒரு கார்டில் எழுதியனுப்புங்கள். எழுத வராதவர்கள் வீட்டுப் பிள்ளையைக் கொண்டு அந்தக் கருவியை வரைந்து அனுப்பட்டும். வந்து சேரும் படங்களை வரும் இதழ்களில் வெளியிடுவோம், மனுவோடும் இணைப்போம்.